பழைய இரும்பும் நிலைப்பந்தலும்

பந்தற் காய்கறி பயிரிடும் குடியானவர்களுள் விதைக்கும் எருவுக்கும் ஆகும் செலவைக் கணக்கில் எழுதுவோர் பலர். பந்தற்காலுக்கு ஆகும் செலவை எழுதுவோர் சிலரே. பாகல், புடல், பீர்க்கு, சுரை, கோவை ஆகிய கொடிகள் யாவும் தாமாக நிற்கமாட்டா. அவற்றைத் தாங்கும் சவுக்குக் காலும் மூங்கிலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் கறையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகின்றன. அப்பால் மறுபடியும் கால் வாங்குதல், குழி தோண்டுதல், ஆள் வைத்துக் கட்டுதல் என்று முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. இவ்வாறு பத்தாண்டுகளில் மூன்று நான்கு முறை பந்தல் போட்டவர், அத்தொகை முழுவதையும் கூட்டிப் பார்ப்பாரேல், நிலைப்பந்தல் ஒன்றுக்கு வேண்டிய பணம் தம் கையைவிட்டு முன்னரே போய்விட்டதை அறிவர்.

இதனை உணர்ந்த குடியானவர்கள் சிலர் இந்நாட்களில் பழைய இரும்பை நாடி வருகின்றனர். பழைய கட்டடக் குழாய்களும், பழுதான அடிபம்புகளின் குழாய்களும், கழித்துவிடப்பட்ட இரும்புக் கோணங்களும் பழைய இரும்புக் கடைகளில் எடைக்குக் கிடைக்கின்றன. புதுக்குழாயின் விலையை நோக்க இவை நயம். இம்முயற்சி பாராட்டத்தக்கதே. ஆயினும், இதனைச் செய்கின்ற முறையில் ஒரு பெரும் பிழை நேர்ந்து வருகிறது. எனது அபிப்பிராயத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பழைய இரும்பில் பந்தல் போடுதல் நன்று. ஆனால் இரும்பில் மிச்சப்பட்ட பணத்தில் ஒரு பகுதியை அதன் அடிக்குச் செலவிடாதவன், மிச்சப்பட்டது முழுவதையும் ஒரு நாள் காற்றில் இழப்பான்.

இதனை நான் ஏட்டில் படித்து எழுதவில்லை. என்னுடைய சொந்த நிலத்தில், பழைய இரும்புக் கடையொன்றில் வாங்கிய குழாய்களைக் கொண்டு பாகற்பந்தல் ஒன்று அமைத்தேன். குழாய்களைத் தேய்த்து, செந்நிறச் சாயம் இருமுறை பூசினேன். கண்டவர் யாவரும் புதியவை என்றே எண்ணினர். குழி தோண்டி, குழாயை நட்டு, மண்ணைத் தள்ளி இடித்துவிட்டேன். மூன்று ஆண்டுகள் குறையொன்றும் தோன்றவில்லை. நான்காம் ஆண்டு சித்திரையில், காய் நிறைந்து தொங்கிய வேளை, ஒரு மாலை கோடைமழைக்கு முன்வரும் காற்று அடித்தது. தென்மேற்கு மூலைக்கால் முறிந்தது. அதனால் கம்பி தளர, அடுத்தடுத்த கால்கள் சீட்டுக்கட்டுப் போல் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சாய்ந்தன. பந்தலடியில் காய் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் இருவர் மழைக்கு அஞ்சிச் சற்று முன்னரே வரப்பேறியிருந்தனர். அதனால் உயிர்ச்சேதம் இல்லை. அந்தப் போகத்து வருமானம் மட்டும் போயிற்று. அன்று அவர்கள் அரை நாழிகை தாமதித்திருந்தால் இக்கட்டுரையை எழுத எனக்கு மனம் வந்திராது.

மறுநாள் கால்களைப் பிடுங்கிப் பார்த்தேன். மண்ணுக்கு மேலே ஓர் அடியில் குழாய் உறுதியாயிருந்தது. மண்ணுக்குள் இரண்டடி ஆழத்திலும் பெரும்பாலும் உறுதியாகவே இருந்தது. மண்மட்டத்தில் மட்டும், மேலும் கீழுமாக நான்கு விரற்கிடை அளவு, முட்டையோடு போல் மெலிந்திருந்தது. முறிந்த கால்கள் அனைத்தும் அவ்விடத்திலேயே முறிந்திருந்தன.

இதன் காரணம் யாதெனில், இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் இரண்டும் வேண்டும். உயரே காற்றுண்டு, ஈரம் விரைவில் உலர்ந்துவிடும். ஆழத்தில் ஈரமுண்டு, காற்று குறைவு. மண்மட்டத்திலோ இரண்டும் ஓயாமல் சேர்ந்திருக்கின்றன. அன்றியும், நாம் கொடியின் தூரில் இடும் உரமும் அவ்விடத்திலேயே தங்குகிறது. பொட்டாஷ் உரத்தில் பெருவழக்காயுள்ள மியூரியேட் என்பது பொட்டாசியம் குளோரைடு. குளோரைடு உப்பு இரும்புக்குப் பரம விரோதி. சாயம் பூசியவுடன் காரியம் முடிந்தது என்று எண்ணுவதும் தவறு. குழாயை நடும்போதும் மண்ணை இடிக்கும்போதும் கல் உராய்ந்து சாயம் கீறுண்டுபோவது அந்த இடத்திலேதான்.

தில்லி மெஹ்ரௌலியில் நிற்கும் இரும்புத் தூணைப் பற்றி அறியாதார் இலர். ஏறக்குறைய 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நின்றும் அது உருக்குலையவில்லை. அதன் இரும்பில் கந்தகம் குறைந்தும் பாஸ்பரஸ் மிகுந்தும் இருப்பதே முக்கிய காரணமென்று அறிஞர் கூறுவர். அத்தகைய தூணையுங்கூட, 1961-ல் பாதுகாப்பு வேலைக்காகத் தோண்டியெடுத்தபோது, மண்ணுக்குள் புதைந்திருந்த பாகத்தில் துரு படிந்திருந்தது. அதன்பின்னரே அப்பாகத்தைக் கட்டட மேடைக்குள் அமைத்து நிறுத்தினார்கள். அத்தூணுக்கே மண் விரோதியெனின், கடையில் எடைக்கு வாங்கிய குழாயின் கதியைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகவே பழைய இரும்பு வாங்குவோர் கவனிக்கற்பாலன இரண்டு. முதலாவது, வாங்கும் இரும்பில் இன்னும் எவ்வளவு இரும்பு மீந்திருக்கிறது என்பது. இரண்டாவது, அதனை மண்ணிலிருந்து எங்ஙனம் பிரித்து வைப்பது என்பது.

முதலாவதற்குத் தராசே போதும். கண்ணால் பார்த்துக் குழாயை மதித்தல் ஆகாது. ஏனெனில், பல குழாய்கள் உள்ளிருந்தே துருப்பிடிக்கின்றன. 1970-களில் உருவாக்கப்பட்டு நாடெங்கும் பரவிய இந்தியா மார்க் 2 என்னும் அடிபம்பில், கிணற்றுக்குள் இறங்கும் குழாய்கள் 32 மில்லிமீட்டர் அளவுள்ளவை, நாகம் பூசியவை, சந்தையில் ஜி.ஐ. குழாய் எனப்படுபவை. ஒவ்வொன்றும் 3 மீட்டர் நீளம், அதாவது ஏறக்குறைய 9 அடி 10 அங்குலம். வெட்டும் வேலையின்றி ஒரு குழாய் ஒரு பந்தற்காலுக்குச் சரியாகப் பொருந்தும். ஆனால் நிலத்தடி நீர் சற்றுப் புளிப்புத்தன்மை உடையதாயிருந்த ஊர்களில் இக்குழாய்கள் உட்புறம் அரித்திருக்கும். வெளியே பளபளப்பாகவே தோன்றும். நடுத்தர ரகத்தில் இவ்வளவுள்ள புதுக்குழாய் மீட்டருக்கு 3 கிலோவுக்குச் சற்று மேலாக நிற்கும். முழுக்குழாய் 9 கிலோவுக்கு மேல். பழைய குழாயைத் தராசில் இட்டு, அது 8 கிலோவுக்குக் குறையுமாயின் அதனைக் காலாக வைக்கலாகாது என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் விதி. குறைந்தவற்றைக் குறுக்குச் சட்டத்துக்கு உபயோகிக்கலாம். எடைக்கு வாங்குவதில் இந்த நன்மையும் உண்டு. தேய்ந்த இரும்புக்கு நாம் விலை கொடுப்பதில்லை. ஆனால் தேய்ந்த இரும்பின்மேல் பாரம் ஏற்றுவதுதான் பிழை.

இன்னொன்று. அக்குழாய்களின் நுனியில் மரை வெட்டியிருக்கும். மரை வெட்டிய இடத்தில் குழாயின் கனம் குறைவு. ஆதலின் மரை நல்ல நிலையிலுள்ள முனையை மேலே வைத்து, அதன்மேல் மூடியைத் திருகிவிட வேண்டும். அப்படிச் செய்வதால் மழைநீர் குழாய்க்குள் இறங்கித் தங்காது. கீழ்முனையில் மரை அரித்திருந்தால் அவ்வளவையும் அறுத்தெறிந்துவிடுக.

இரண்டாவதான அடிவேலைக்குச் சிமெண்டுக் காங்கிரீட்டே தக்கது. சிமெண்டு காரத்தன்மையுடையது, அக்காரத்தினுள் இரும்பு எளிதில் துருப்பிடிப்பதில்லை. ஓரடிச் சதுரமும் இரண்டே முக்கால் அடி ஆழமும் உள்ள குழி தோண்டி, அடியில் மூன்று அங்குலம் காங்கிரீட் இட்டு, அதன்மேல் குழாயை நிறுத்திச் சுற்றிலும் நிரப்புக. குழாயின் அடிமுனை மண்ணைத் தொடலாகாது. காங்கிரீட்டை மண்மட்டத்தோடு நிறுத்திவிடுவோர் மறுபடியும் அதே பிழையைச் செய்கின்றனர். மண்ணுக்கு மேல் நான்கு அங்குலம் உயர்த்தி, குழாயிலிருந்து வெளிப்புறமாகச் சாய்வாகப் பூசிவிட்டால், நீர் தேங்காமல் வழிந்தோடும். களை வெட்டும் மண்ணும் எருவும் அந்தக் கழுத்தின்மேல் ஏறாதபடி ஆண்டுக்கு இருமுறை துடைத்துவிடுதல் அவசியம். இந்த நான்கு அங்குலமே பந்தலின் ஆயுள்.

செலவின் அளவு தெரியும்பொருட்டு ஒரு கணக்குச் சொல்லுகிறேன். 10 சென்று நிலம் 4,356 சதுர அடி; சதுரமாயின் பக்கத்துக்கு 66 அடி. 11 அடிக்கு ஒரு கால் வீதம் வைத்தால் பக்கத்துக்கு 7, மொத்தம் 49 கால்கள். இவற்றுள் ஓரத்தில் நிற்பவை 24, உள்ளே நிற்பவை 25. ஓரக்கால்கள் கம்பியின் இழுவை முழுவதையும் தாங்குவதால் அவற்றுக்கு 50 மில்லிமீட்டர் குழாய் வேண்டும். இது மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோ. உள்கால்களுக்கு மேற்சொன்ன அடிபம்புக் குழாய் போதும். எல்லாம் 3 மீட்டர் நீளமாகக் கொண்டால், ஓரக்கால்கள் 360 கிலோ. உள்கால்கள் 230 கிலோ. ஆக 600 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. காங்கிரீட் ஒரு குழிக்கு ஏறக்குறைய 3 கன அடி. 49 குழிகளுக்கு 147 கன அடி. தத்தம் ஊரில் பழைய இரும்பு கிலோ என்ன விலை, சிமெண்டும் ஜல்லியும் என்ன விலை என்று இவ்வெண்களோடு பெருக்கிப் பார்த்து, சவுக்குக்கால் பந்தலுக்குப் பத்தாண்டில் ஆகும் செலவோடு ஒப்பிடுக. ஒப்பிடாமல் தொடங்குதல் வேண்டாம்.

ஓரக்கால் ஒவ்வொன்றையும் சற்று வெளிப்புறம் சாய்த்து நட்டு, இழுவைக் கம்பி கட்டி, கனத்த கல்லொன்றில் பிணைத்து அக்கல்லை மூன்றடி ஆழத்தில் புதைக்க வேண்டும். மூலைக்கால்களுக்கு இரண்டு இழுவைகள். ஆக 28 இழுவைகள். கால் வரிசைகளின்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தாய்க்கம்பி 8-ஆம் நம்பர் நாகம் பூசிய கம்பியாதல் நலம். அது 924 அடி, எடை 28 கிலோவளவே ஆகும். இதனைப் புதிதாகவே வாங்குக. முறுக்கி நிமிர்த்திய பழைய கம்பியில் நாகம் உதிர்ந்திருக்கும். மடிந்த இடமெல்லாம் பலவீனம். குழாயில் சிக்கனம் செய்யலாம், கம்பியில் கூடாது.

மருந்தடிப்பிலும் ஒரு கவனம் வேண்டும். திராட்சைக்கும் கொடிப்பயிர்களுக்கும் அடிக்கும் போர்டோக் கலவையில் சுண்ணாம்பு போதுமா என்று அறிய, தீட்டிய அரிவாளை அதில் தோய்த்துப் பார்ப்பது வழக்கம். சுண்ணாம்பு குறைந்திருந்தால் அரிவாளின்மேல் செம்பு படியும். அரிவாளுக்கு நேர்வதே பந்தற் கம்பிக்கும் நேரும். சோதித்துப் பாராமல் அடிக்கும் கலவை இலையைக் கருக்குவதோடு நில்லாது கம்பியையும் தின்றுவிடும்.

இனி, உயிருக்கு அபாயமானவற்றைச் சொல்லாமல் விடுவது தகாது. இரும்புப் பந்தல் முழுவதும் ஒரே உலோகக்கூடு. மோட்டாருக்குப் போகும் மின்சாரக் கம்பியை எளிதென்று பந்தலின்மேல் கட்டிக் கொண்டுபோவோர் உண்டு. அதன் உறை ஓரிடத்தில் கிழிந்தாலும் மூலைக்கு மூலை பந்தல் முழுவதிலும் மின்சாரம் பாயும்; ஈரக்கையோடு காய் பறிப்பவர் கதி என்னாகும்? எக்காரணம் பற்றியும் மின்கம்பி பந்தலைத் தொடலாகாது. மின்தொடர் செல்லும் பாதையின் கீழ்ப் பந்தல் போடவும் கூடாது. மேலும், நாகம் பூசிய குழாயை வெல்டிங் செய்கையில் எழும் வெண்புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே நடுக்கமும் சுரமும் காணும். பற்றவைக்கும் இடத்தில் நாகத்தை அராவிவிட்டு, திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று செய்ய வேண்டும். கூடியவரை வெல்டிங்கைத் தவிர்த்துக் கிளாம்பும் போல்ட்டும் கொண்டு முடுக்குதலே மேல். பின்னாளில் பிரித்தெடுக்கவும் அது வசதி. பூச்சிமருந்து வந்த தகரப் பீப்பாய்களையும், உள்ளே என்ன இருந்ததென்று தெரியாத பாத்திரங்களையும் தோட்டத்துக்குள் எவ்வகையிலும் கொண்டுவரலாகாது.

வாங்கும் இரும்பு எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். தண்டவாளத் துண்டும் மின்தொடரின் சாமானும் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவோர், திருட்டுச் சொத்தை வாங்கியவராவர். 1966-ஆம் ஆண்டு ரயில்வே சொத்துச் சட்டப்படி, அத்தகைய பொருளைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதே குற்றம். ரசீது தராத கடையில் எவ்வளவு மலிவாயினும் வாங்காதிருப்பதே மானத்துக்கு அழகு.

எல்லா ஊருக்கும் இரும்பே சிறந்ததென்று நான் கூறவரவில்லை. கல்லுடைக்கும் ஊர்களில் கற்கால் நயமாகக் கிடைக்குமாயின் அதுவே முதன்மையானது. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலைக் கற்கால்மேல் நிறுத்தும் வழக்கம் உண்டு, கல்லுக்குத் துருவில்லை. உப்புக்காற்று வீசும் கடலோரத்திலும், உவர் நிலத்திலும் பழைய இரும்பை நம்புதல் வேண்டாம். கல்லும் தூரம், கடலும் தூரம் என்ற உள்நாட்டு ஊர்களுக்கே இந்த யோசனை.

இவ்விடத்தில் கிராம அதிகாரிகளுக்கும் ஊராட்சிப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு விண்ணப்பம். குழாய்க்கிணறுகளில் மின்மோட்டார் வந்தபின் பழுதாகிக் கழிக்கப்பட்ட அடிபம்புக் குழாய்கள் பல ஊர்களில் பொதுக் கட்டடத்தின் பின்புறம் மழையில் கிடப்பதைக் கண்டிருக்கிறேன். ஆண்டுக்கணக்கில் கிடந்து துருவேறிய பின்னர், அவை எல்லாம் ஒரே குவியலாக ஏலம் போகின்றன. ஒரே குவியலாக ஏலமிட்டால் லாரியும் ரொக்கமும் உள்ள வியாபாரி ஒருவரே எடுக்க இயலும். பத்துச் சென்று பந்தல் போட நினைக்கும் சிறு குடியானவர் அங்கே வாய்திறக்க முடியாது. பிறகு அவரே அந்தக் குழாயை அந்த வியாபாரியிடம் அதிக விலைக்கு வாங்குகிறார். ஊர்ப் பணத்தில் வாங்கிய இரும்பு ஊரைவிட்டுப் போய், லாபம் ஏற்றிக்கொண்டு ஊருக்கே திரும்புவது என்ன நியாயம்?

கழித்த சாமான்களை உடனுக்குடன் பதிவேட்டில் எண்ணி எழுதி, உரிய அதிகாரியின் மதிப்பீடும் அனுமதியும் பெற்று, 25 குழாய்க்கு ஒரு பங்கு என்று சிறுசிறு பங்குகளாகப் பிரித்து, முன்கூட்டி அறிவிப்புச் செய்து பகிரங்க ஏலம் விடுவதற்கு வழி செய்தால், ஊராட்சிக்கும் கூடுதல் தொகை வரும். சிறு குடியானவருக்கும் பந்தல் நிற்கும். கணக்கு எழுதுவது சற்று அதிகமாகும் என்பது மெய்யே. ஆனால் கணக்கு எழுதுவதற்காகத்தானே நாம் அந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறோம்?

சிலர் ஆட்சேபிக்கலாம்: “குடியானவன் கையில் ரொக்கமில்லை, முதலாண்டே இவ்வளவு பணத்தை மண்ணில் புதைக்கச் சொல்லுகிறீர்களே” என்று. இது புறக்கணிக்கத்தக்க ஆட்சேபம் அன்று. கடன் வாங்கி ஒரே ஆண்டில் பந்தல் முழுவதும் போடும்படி நான் சொல்லவில்லை. முதலாண்டு ஓரக்கால்களை மட்டும் இரும்பில் நிறுத்தி, உள்கால்களுக்குச் சவுக்கையே வைத்துக்கொள்ளலாம். பந்தலை விழத்தட்டுவது பெரும்பாலும் ஓரக்காலின் பலவீனமே. உள்கால் ஒன்று முறிந்தால் மாற்றிக்கொள்ளலாம். மூலைக்கால் முறிந்தால் போகம் போயிற்று. வரும் ஆண்டுகளில் வருமானத்தைக்கொண்டு உட்கால்களை ஒவ்வொரு வரிசையாக மாற்றிவரலாம். இன்னொரு நியாயமும் உண்டு. சவுக்குக்கால் உளுத்தபின் அடுப்புக்கே ஆகும். இரும்போ, பந்தல் வேண்டாமென்று பிரித்த நாளிலும் எடைக்கு விலைபோகும். காங்கிரீட்டுக்கு இட்ட பணம் மட்டுமே செலவு. குழாய்க்கு இட்ட பணத்தில் பெரும்பகுதி முதலாகவே நிற்கும்.

கிராமத்துக் கொல்லருக்கும் இதில் பிழைப்பு உண்டு. கிளாம்பு அடித்தலும், மூடி செய்தலும், இழுவைக்குக் கொக்கி வளைத்தலும் அவர் பட்டறையில் ஆகக்கூடியவை. நகரத்துக்குச் சென்று தயாராக வாங்குவதினும், அளவைச் சொல்லி அவரிடம் செய்வித்துக்கொண்டால் பழுது நேரும்போது பக்கத்திலேயே ஆள் இருப்பார்.

பழையதை மீண்டும் உபயோகித்தல் நம் குடியானவர்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதன்று. தேய்ந்த கலப்பைக் கொழுவைக் களைக்கொட்டாக அடித்து வாங்கி வந்தவர்கள் நாம். ஆனால் கொல்லர் அதனை உலையிலிட்டு, தட்டிப் பார்த்து, உதவாத பாகத்தை நீக்கிய பின்னரே களைக்கொட்டு ஆக்கினார். பந்தலுக்கு வாங்கும் இரும்பையும் அவ்வாறே சோதித்து வாங்குக. தராசில் நிறுத்து, மரையை மேலே வைத்து, அடியை மண்ணுக்கு மேல் நான்கு அங்குலம் உயர்த்தி நடுக. நட்டபின்னும் ஆண்டுக்கொருமுறை, சித்திரைக் காற்றுக்கு முன்னர், ஒவ்வொரு காலின் கழுத்தையும் சுத்தியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் கொடியை ஏற்றுங்கள். மந்தமாக ஒலித்தால், காய் எவ்வளவு தொங்கினும், அந்தக் காலை மாற்றாமல் எவரையும் பந்தலடியில் வேலைக்கு அனுப்பாதீர்கள்.